2015இல் மறைந்தவர்களை நினைவுகூர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் 2016ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பலகையைச் சுவரில் மாட்டியது. முந்தைய ஆண்டில் மறைந்தவர்களின் பெயர், பிறந்த நாள், மறைந்த நாள், அவர்கள் ஆற்றிய பணி ஆகியவற்றை அதில் எழுதினோம். ஓர் ஆண்டு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று மாட்டிய அந்தப் பலகை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. நாளிதழ் படிக்க வருபவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளும் அதன் முன் நின்று கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். பலகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் விடைகளும் என்னுடையவை.

2015-ல யார் யாரெல்லாம் இறந்தாங்க? ஒரு தடவை வரிசையா சொல்லுங்களேன்.

ஜனவரி 24 அன்று நடிகர் வி.எஸ். ராகவனும், குடியரசு நாளான ஜனவரி 26 அன்று புனேயில் கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லட்சுமணனும் மறைந்தார்கள். பிப்ரவரி 20 அன்று மகாராட்டிரப் பொதுவுடைமைத் தலைவர் கோவிந்த் பன்சாரே, மார்ச் 6 அன்று திரைப்படத் தொகுப்பாளர் கிஷோர், மார்ச் 8 அன்று கவிஞர் கி.பி. அரவிந்தன், மார்ச் 23 அன்று சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ ஆகியோர் மறைந்தனர். ஏப்ரல் 8 அன்று எழுத்தாளர் ஜெயகாந்தனும் பாடகர் நாகூர் இ.எம். ஹனிபாவும் மறைந்தார்கள்.

ஜூலை 14 அன்று இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதன், ஜூலை 27 அன்று முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள் என்று அந்த ஒரு மாதமே மூவரைக் கொண்டுபோயிற்று. ஆகஸ்ட் 30 அன்று கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி, அக்டோபர் 10 அன்று மனோரமா, டிசம்பர் 1 அன்று எழுத்தாளர் விக்கிரமன். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பட்டியல் இன்னும் மிக நீளும். எங்கள் பலகையில் இடம்பெற்றவர்களையும், எங்களிடம் கேள்வியாக வந்தவர்களையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

பாலசந்தர் பேரு ஏன் இல்ல? அவரும் அப்பதானே போனாரு?

இயக்குநர் கே. பாலசந்தர் மறைந்தது 2014 டிசம்பர் 23 அன்று. ஆண்டு முடிய எட்டு நாள்களே இருந்த நிலையில் அது நிகழ்ந்ததால், அவருக்கான நினைவுக் கூட்டங்கள் பல 2015 பிறந்த பிறகே நடந்தன. அந்தக் கூட்டங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அவரும் 2015இல் மறைந்ததாகவே தோன்றுகிறது. வாலியையும் டி.எம். சௌந்தரராஜனையும் இதே போலக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இருவரும் மறைந்தது 2013இல். கவிஞர் நா. முத்துக்குமார் மறைந்தது 2016 ஆகஸ்டில்.

ஆண்டு மாறினால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவருடைய வாழ்வில் நாம் சரிபார்த்துச் சொல்லக்கூடிய மிக எளிய செய்தி அவருடைய நாள்கள்தான். அதையே தவறாக எழுதிவிட்டு அவருடைய பணியைப் போற்றுவதாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

கலாம் ஜனாதிபதியா இருக்கும்போதே இறந்துட்டாரா சார்?

இல்லை. அவர் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். மறைந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, ஷில்லாங்கில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோது. மேடையிலேயே சரிந்து விழுந்தார். ஜூலை 30 அன்று இராமேசுவரத்தில் பேக்கரும்பு என்னும் இடத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை 27 அன்று, அங்கே நினைவகம் திறக்கப்பட்டது. பதவியில் இருக்கும்போதே மறைந்த குடியரசுத் தலைவர்கள் இருவர்: 1969இல் ஜாகிர் உசேன், 1977இல் பக்ருதீன் அலி அகமது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம்.

ஜெயகாந்தனும் நாகூர் ஹனிபாவும் நெசமாவே ஒரே நாள்லயா போனாங்க?

ஆம், 2015 ஏப்ரல் 8 அன்று. பலகையில் பிழையாக எழுதிவிட்டோம் என்று எண்ணி எங்களைத் திருத்த வந்தவர்களே பலர். ஜெயகாந்தன் 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே விட்டு, பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, 1972இல் சாகித்திய அகாதெமி விருதையும் பின்னர் 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதையும் பெற்றவர். அகிலனுக்குப் பிறகு ஞானபீடம் பெற்ற இரண்டாவது தமிழ் எழுத்தாளர். ஹனிபா 1919இல் பிறந்தவர், தி.மு.க. மேடைகளில் பாடிய பாடல்களாலும், 'இறைவனிடம் கையேந்துங்கள்' போன்ற இசுலாமியப் பாடல்களாலும், சமயம் கடந்து வீடுதோறும் அறியப்பட்டவர். எங்கள் ஊரில் அம்மன் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுள் நானும் ஒருவன்.

இந்தப் பலகையை நாங்கள் தொடர்ந்து வைத்திருப்பதற்கான காரணம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே நாளில் இருவர் மறையும்போது நாளிதழின் முதல் பக்கத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் அகலம் மற்றவருக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த அளவிலேயே நம் நினைவும் படிந்துவிடுகிறது. ஏப்ரல் 8 என்றதும் இலக்கிய வாசகர்கள் ஜெயகாந்தனை மட்டும் சொல்கிறார்கள். ஹனிபாவின் பாடல்களை மனப்பாடமாகப் பாடுபவர்களுக்கு அவர் மறைந்த நாள் தெரிவதில்லை. எங்கள் வட்டத்தில் அந்த நாளில் இருவருக்கும் சேர்த்தே கூட்டம் நடத்துகிறோம்.

எம்.எஸ்.வி. இறந்த வருஷம் கேட்டா யாருக்குமே சட்டுனு வரமாட்டேங்குதே, அவ்வளவு பெரிய ஆளாச்சே?

முந்தைய விடையில் சொன்னதே இங்கும் நிகழ்ந்தது. எம்.எஸ். விசுவநாதன் ஜூலை 14 அன்று சென்னையில் மறைந்தார். அவருக்கான அஞ்சலிக் கட்டுரைகள் வார, மாத இதழ்களில் வரத் தொடங்கிய நேரத்தில், பதின்மூன்று நாள் கழித்துக் கலாம் மறைந்தார். அதற்குப் பிறகு பல வாரங்கள் வேறு எவரைப் பற்றியும் பேசுவதற்கு இடமில்லாமல் போயிற்று. கலாமுக்காக நாடு அழுதது இயல்பானது, நியாயமானது. ஆனாலும் பாலக்காட்டுக்கு அருகே எலப்புள்ளியில் பிறந்து, ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தில் சிறு வேலைகள் செய்யும் பையனாகத் தொடங்கி, டி.கே. ராமமூர்த்தியுடன் இணைந்து 1952 முதல் 1965 வரையிலும் பின்னர் தனித்தும் தமிழரின் காதை வளர்த்த ஒருவருக்கு உரிய துக்க காலம் பாதியிலேயே நின்றுவிட்டது என்று நான் கருதுகிறேன்.

அவரை நினைவுகூர ஒரு வழி நம் அனைவருக்கும் முன்பே வாய்த்திருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரனாரின் 'நீராருங் கடலுடுத்த' வாழ்த்துக்கு, மோகன இராகத்தில், இன்று நாம் பாடும் மெட்டை அமைத்தவர் அவரே. 2021இல் தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. பள்ளியில் காலை வணக்கத்தின்போது நிற்கும் ஒவ்வொரு குழந்தையும் அந்த 55 விநாடிகள் எம்.எஸ்.வி.யின் இசைக்குள் நிற்கிறது. நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகம் மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

சசிபெருமாள்னா யாரு? இத்தனை பெரிய ஆளுங்க நடுவுல அவரு பேரு எதுக்கு?

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி. மதுவிலக்கை வலியுறுத்திப் பல முறை உண்ணாநோன்பு இருந்தவர். 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்கு அருகே உண்ணாமலைக்கடையில், அங்கிருந்த மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உடல்நிலை சீர்கெட்டு இறந்தார். கலாமை அடக்கம் செய்ததற்கு மறுநாள் அது.

அவர் இறந்ததைத் தொடர்ந்து தமிழ்நாட்டின் பல ஊர்களில் மதுக்கடைகளுக்கு எதிரான போராட்டங்கள் வெடித்தன. இருந்தும் 'ஜூலையில் யார் மறைந்தார்கள்' என்று கேட்டால் பத்தில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்வதில்லை. பதவி, விருது, திரைப்படம் ஆகியவற்றால் வருவது மட்டுமே புகழ் என்று நாங்கள் வரையறுத்துக்கொள்ளவில்லை. பொது நன்மைக்காகப் போராடுகையில் உயிர்விட்டவர் என்பதே அவர் பெயரை எழுதப் போதுமான தகுதி என்று வாசகர் வட்டத்தில் பேசி முடிவு செய்தோம். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

ஒரு பேப்பர்ல 80 வயசுன்னு இருக்கு, இன்னொண்ணுல 81ன்னு இருக்கு. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஜெயகாந்தன் பிறந்தது 1934 ஏப்ரல் 24. மறைந்தது 2015 ஏப்ரல் 8. எண்பது ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. எண்பத்தொன்று நிறைய இன்னும் பதினாறு நாள்கள் இருந்தன. ஆகவே 'வயது 80' என்பதும் '81ஆவது வயதில் மறைந்தார்' என்பதும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. நம் பெரியவர்கள் 'எண்பத்தொன்று நடக்கிறது' என்று சொல்லும் வழக்கம் இதனால்தான். குழப்பத்தைத் தவிர்க்க எங்கள் பலகையில் நிறைவடைந்த வயதையே எழுதுகிறோம்: லட்சுமணன் 93, லீ குவான் யூ 91, ஹனிபா 95, எம்.எஸ்.வி. 87, கலாம் 83, மனோரமா 78.

"காலமானார்"னு எழுதணுமா, "இயற்கை எய்தினார்"னு எழுதணுமா? நீங்க ஏன் எல்லாருக்கும் "மறைந்தார்"னே போட்டிருக்கீங்க?

தமிழில் இறப்பைச் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் இறந்தவரின் நம்பிக்கையையும் சேர்த்தே சொல்கின்றன. 'இறைவனடி சேர்ந்தார்' என்பது இறை நம்பிக்கை உடையவருக்கு. 'இயற்கை எய்தினார்' என்பதைப் பகுத்தறிவு இயக்கத்தவர் விரும்பி எழுதுவர். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பது கிறித்தவக் குடும்பங்களின் வழக்கு. இசுலாமியக் குடும்பங்கள் 'வஃபாத் ஆனார்' என்று சொல்லி, பெயருக்கு முன் 'மர்ஹூம்' என்று சேர்ப்பர். இலங்கைத் தமிழர் வெளியிடும் மரண அறிவித்தல்களில் 'சிவபதம் அடைந்தார்' என்பதையும், பெயருக்கு முன் 'அமரர்' என்பதையும் மிகுதியாகக் காணலாம்.

இந்தச் சொற்களுள் ஒன்றைத் தேர்வது குடும்பத்தாரின் உரிமை. பொதுவிடத்தில் மாட்டும் பலகையில் அதை நாமாகச் செய்தால், ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றி நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும். வாழ்நாள் முழுவதும் தன் கருத்துகளோடு தானே மோதிக்கொண்ட ஜெயகாந்தனுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று முடிவு செய்ய நான் யார்? 'மறைந்தார்', 'காலமானார்' இரண்டும் எவருக்கும் பொருந்தும் பொதுச் சொற்கள். அவற்றுள் எளியதை எடுத்துக்கொண்டோம்.

பத்து வருஷம் கழிச்சும் "ஆழ்ந்த இரங்கல்"னு போஸ்டர் அடிக்கலாமா?

இரங்கல் என்பது இறப்பு நேர்ந்த உடனே, துயரில் இருக்கும் குடும்பத்தாருக்கும் உற்றாருக்கும் தெரிவிப்பது. ஆண்டுகள் கடந்த பிறகு பொருந்துவது 'நினைவஞ்சலி' அல்லது 'நினைவேந்தல்'. 'கண்ணீர் அஞ்சலி' என்று தெருமுனைத் தட்டிகளில் எழுதுவதும் முதல் சில நாள்களுக்கே உரியது. வேண்டுமென்றே யாரும் பிழையாக எழுதுவதில்லை. அச்சகத்தில் இருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றுவதால் வரும் பிழை இது. அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.

2025-ல வந்தது பத்தாவது நினைவு நாளா, பதினோராவதா? தமிழ் வருஷக் கணக்கு, திதிக் கணக்கெல்லாம் எப்படி?

மறைந்த நாள் நினைவு நாள் ஆகாது. அது முதன்முறை திரும்பி வரும் நாளே முதலாம் ஆண்டு நினைவு நாள்; 2015இல் மறைந்தவர்களுக்கு அது 2016இல் வந்தது. ஆகவே 2025இல் வந்தது பத்தாம் ஆண்டு நினைவு நாள். அன்று தொடங்கியதோ பதினோராம் ஆண்டு. குழப்பம் முழுவதும் இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் பிறக்கிறது. நூற்றாண்டு என்பதோ பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவது, எம்.எஸ்.வி., விக்கிரமன் இருவரும் 1928இல் பிறந்தவர்கள் என்பதால் இருவருக்கும் நூற்றாண்டு 2028இல் நிறைகிறது.

தமிழ் ஆண்டுக் கணக்கில் 2015 இரண்டாகப் பிரிகிறது. ஏப்ரல் 14 அன்றுதான் மன்மத ஆண்டு பிறந்தது. அதற்கு முன் நடந்தது ஜய ஆண்டு. எனவே ஜெயகாந்தனும் ஹனிபாவும் மறைந்தது ஜய ஆண்டுப் பங்குனியில், எம்.எஸ்.வி.யும் கலாமும் மறைந்தது மன்மத ஆண்டில். திதியும் இசுலாமிய நாள்காட்டியும் ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதியிலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் செய்யும் கடன்களுக்கு அவரவர் முறையும், பொது நிகழ்ச்சிக்கு ஆங்கிலத் தேதியும் கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

லீ குவான் யூ சிங்கப்பூர்க்காரர். அவருக்கு நம்ம ஊர் நூலகத்துல என்ன வேலை?

தமிழைச் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிலைபெறச் செய்த தலைமுறையின் தலைவர் அவர். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் சிங்கப்பூருக்கு உழைக்கப் போனவர்கள் இல்லாத தெரு அரிது. அவர் மறைந்தபோது அந்தப் பகுதிகளில் இரங்கல் தட்டிகள் வைக்கப்பட்டன. இறுதிச் சடங்கு நடந்த மார்ச் 29ஆம் நாளை இந்திய அரசும் துக்க நாளாகக் கடைப்பிடித்தது. 2023இல் சிங்கப்பூருக்குச் சென்ற தமிழ்நாட்டு முதலமைச்சர், மன்னார்குடியில் அவருக்கு நினைவுச் சின்னமும் அவர் பெயரில் நூலகமும் அமைக்கப்படும் என்று அறிவித்தார். இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருக்கையில் அவரை அயலார் என்று ஒதுக்க முடியாது.

அதே மார்ச் மாதத்தில் பிரான்சில் மறைந்த ஈழத்துக் கவிஞர் கி.பி. அரவிந்தனைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர், நூலகத்துக்கு எப்போதாவது வரும் ஒரு வெளிநாடுவாழ் வாசகர். விடுதலைப் போராட்டக் காலத்தையும் புலம்பெயர்வையும் தம் கவிதைகளில் எழுதியவர் அரவிந்தன். முதல் ஆண்டுப் பலகையில் அவர் பெயர் இல்லை; அந்தக் குறையை மறு ஆண்டே சரிசெய்தோம்.

மனோரமா ஆயிரம் படமா, ஆயிரத்து ஐந்நூறு படமா?

'ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்' என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு எண்ணைப் பலகையில் எழுத நாங்கள் துணியவில்லை. கோபிசாந்தா என்ற இயற்பெயருடன் மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடைகளில் பெயர்பெற்று, 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' வழியாகத் திரைக்கு வந்தவர். எண்ணிக்கையைக் காட்டிலும், நகைச்சுவை ஆண்களின் இடமாக இருந்த காலத்தில் ஒரு பெண் அதில் முதலிடத்தில் நின்றதும், 'ஆச்சி' என்று ஒரு மாநிலமே உறவு கொண்டாடியதுமே சொல்ல வேண்டியவை.

கலாம் சொன்னதா வாட்ஸ்அப்ல வர்ற பொன்மொழியெல்லாம் எழுதி ஒட்டலாமா? அக்டோபர் 15 உலக மாணவர் நாள்னு ஐ.நா. அறிவிச்சிருக்குதானே?

இரண்டுக்கும் விடை 'இல்லை'. ஐக்கிய நாடுகள் அவை கடைப்பிடிக்கும் உலக நாள்களின் பட்டியலில் அக்டோபர் 15 மாணவர் நாளாக இடம்பெறவில்லை. கலாமின் பிறந்த நாளான அதை 'இளைஞர் எழுச்சி நாள்' என்று தமிழ்நாடு அரசு 2015இல் அறிவித்தது, அது உண்மை. அதையே சொல்லிப் பெருமைப்படலாம்.

பொன்மொழிகளைப் பொறுத்தவரை, அவருடைய புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று காட்ட முடிந்ததை மட்டுமே எழுதுகிறோம். ஒரு முறை நன்றாக இருக்கிறதே என்று ஒரு வரியை எழுதி ஒட்டினோம். இரண்டு நாள் கழித்து அதே வரி விவேகானந்தர் பெயரில் ஒரு வாழ்த்து அட்டையில் வந்தது. அன்றே கிழித்துவிட்டோம். கலாம் நிறைய எழுதியவர். அவருடைய நூல்கள் நம் நூலகத்திலேயே இருக்கின்றன. சொல்லாததை அவர் வாயில் வைக்க வேண்டிய தேவை இல்லை.

பன்சாரேவுக்கு சுட்ட நாளைப் போடணுமா, இறந்த நாளையா?

மறைந்த நாளையே தலைப்பில் எழுத வேண்டும். சுடப்பட்ட நாளையும் அருகில் குறிக்க வேண்டும். கோவிந்த் பன்சாரே கோலாப்பூரில் பிப்ரவரி 16 அன்று சுடப்பட்டு, 20 அன்று மும்பையில் உயிர்நீத்தார். கன்னடச் சிவனடியார்கள் பாடிய 'வசன' இலக்கியத்தை ஆராய்ந்த கன்னட அறிஞர் கல்புர்கி, ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களுக்கு மட்டும் 'மறைந்தார்' என்ற பொதுச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. எந்தச் சொல் பொருந்தும் என்று முன்பு எழுதிய விடையில் குடும்பத்தின் நம்பிக்கையை மதிப்பது பற்றிச் சொன்னேன். இங்கே மதிக்க வேண்டியது நடந்த உண்மையை. ஆகவே 'கொல்லப்பட்டார்' என்றே எழுதியிருக்கிறோம்.

செத்த பிறகு விருது குடுத்து என்ன புண்ணியம்? எம்.எஸ்.வி.க்கு பத்ம விருதாவது குடுத்தாங்களா?

எம்.எஸ்.வி.க்குப் பத்ம விருது எதுவும் வழங்கப்படவில்லை. 2012இல் தமிழ்நாடு அரசு அவருக்கும் ராமமூர்த்திக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டமும் பொற்காசுகளும் வழங்கிச் சிறப்பித்தது. ஜெயகாந்தனுக்கு 2009இல் பத்மபூஷண் கிடைத்தது. மனோரமாவுக்கு 2002இல் பத்மஸ்ரீ. எம்.எஸ்.வி. விடுபட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

மறைந்த பிறகு வரும் விருதைப் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். தொகுப்பாளர் கிஷோர் மறைந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர் கடைசியாகத் தொகுத்த படங்களுள் ஒன்றான 'விசாரணை'க்காக 2016இல் அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. படத்தொகுப்பு என்றால் என்னவென்றே அறியாத ஒரு கல்லூரி மாணவர், எங்கள் பலகையில் அந்த வரியைப் படித்துவிட்டு அதைப் பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்.

பெருமாள்முருகன் செத்துட்டதா அவரே சொன்னாரே, 2015-லதானே? அவரையும் சேர்க்கணுமா?

கூடாது. 2015 ஜனவரியில், தம் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் நெருக்கடியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் எழுதினார். இறந்ததாக அவர் அறிவித்தது தம்முள் இருந்த எழுத்தாளனை. இனி எழுதப்போவதில்லை என்பதே அதன் பொருள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுத வேண்டும் என்று கூறியது. அவரும் மீண்டும் எழுதத் தொடங்கினார். அவருடைய புதிய நூல்கள் நம் நூலக அடுக்கில் இருக்கின்றன. பலகையில் தேடுவதை விட்டு அடுக்கில் தேடுங்கள்.

விக்கிரமன்னு ஒரு எழுத்தாளர் இறந்ததே எனக்குத் தெரியாதே, செய்தியே வரலையா?

அவர் மறைந்த டிசம்பர் 1 அன்றுதான் சென்னையில் அந்தப் பெருமழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் சாலைகளும் தொடர்வண்டிகளும் தொலைபேசிகளும் முடங்கின. 1878இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' ஆங்கில நாளிதழ், பணியாளர்கள் அச்சகத்துக்குச் செல்ல முடியாததால், டிசம்பர் 2 அன்று சென்னைப் பதிப்பை அச்சிடவே இல்லை. 'அமுதசுரபி' இதழின் ஆசிரியராக அரை நூற்றாண்டுக்கும் மேல் இருந்து, வரலாற்று நாவல்களும் எழுதிய ஒருவரின் மறைவு, உயிர் பிழைக்க மாடிகளில் நின்றுகொண்டிருந்த ஒரு நகரத்துக்கு எட்டவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல இயலாது. அப்போது சொல்ல முடியாததை இப்போது சொல்கிறோம்.

சரி, நினைவு நாள் அன்னைக்கு என்ன செய்யறது? படத்துக்கு மாலை போட்டா போதாதா?

மாலை போடுவது தவறில்லை. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஏப்ரல் 8 கூட்டத்தில் நாங்கள் பேச்சாளரை அழைப்பதில்லை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை ஒருவர் உரக்கப் படிப்பார். மழையில் நனைந்து, ஏமாற்றப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் கதை அது. அந்தத் தாய் அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்தே அவருடைய சாகித்திய அகாதெமி விருது நாவல் வளர்ந்தது. படித்து முடித்ததும் கூட்டத்தில் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு ஹனிபாவின் பாடலை ஒலிக்கச் செய்வோம். இருபது பேர் வந்தாலும் போதும்.

எங்க அப்பா 2015-லதான் போனாரு. பெரிய ஆள் இல்ல. அவரு பேரை எழுதுவீங்களா?

எழுதுவோம். பலகையின் கீழ்ப்பகுதியை நம் ஊர்க்காரர்களுக்காகவே விட்டிருக்கிறோம்; முப்பது ஆண்டுகள் இந்த நூலகத்துக்கு நாளிதழ் கொண்டுவந்து போட்டவரின் பெயர் அங்கேதான் இருக்கிறது. பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த நாள், அவர் செய்த வேலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாளில் ஐயம் இருந்தால் இறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். நூலகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் நான் இருப்பேன்.